எட்டு மாதம் ஆப்பில் சீன மொழி படித்தும் ஏன் காதில் ஏறவில்லை?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் விளங்கும். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கே சீனாவிலிருந்து வந்த பொறியாளர்கள் சிலர் இருக்கிறார்கள். 8 மாதமாக ஒரு நாள்கூட விடாமல் தினம் 15 நிமிடம் ஒரு ஆப்பில் சீன மொழி படிக்கிறீர்கள், மதிப்பெண் எல்லாம் நன்றாகவே வருகிறது. ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசினால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, நீங்கள் ஏதாவது சொன்னால் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு மொழிபெயர்ப்புக்காகப் போனை நீட்டுகிறார்கள். "எந்த ஆப்புக்கு மாறலாம்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆப் பெயரைக் கேட்டிருந்தாலும் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: இவ்வளவு ஒழுங்காகப் படித்தும் ஏன் வரவில்லை, எனக்கு வராதா, இல்லை படிக்கும் வழியில் கோளாறா? வழியில்தான் கோளாறு.

நான் குவாங்டோங் மாகாணத்தில் ஃபோஷான் நகரத்தில் டைல்ஸ் வாங்கி அனுப்பும் வேலையில் 6 வருடம் இருந்தேன். ஊர் திரும்பி 9 வருடமாகத் தொழிற்சாலைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குச் சொல்லித் தருகிறேன். மொழியியல் பட்டம் எதுவும் கிடையாது. ஆகவே கீழே மொழியைப் பற்றிச் சொல்வது நல்ல பாடநூல்களில் சரிபார்த்துக்கொள்ளக் கூடியது; எந்தக் கருவி எதற்கு, எந்த வரிசையில் என்பது நானும் என்னிடம் படித்தவர்களும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது, உங்களுக்குச் சற்று மாறி அமையலாம்.

முதலில் ஒரு கணக்கு. தினம் 15 நிமிடம், 240 நாள் என்றால் மொத்தம் 60 மணி நேரம். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம் சீன மொழிக்கு 88 வாரம், 2,200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. ஸ்பானிஷுக்கு ஒதுக்குவது ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்குப் போட்ட கணக்கு அது, நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் அளவு தெரிகிறது இல்லையா. 8 மாதம் என்று நினைக்கும்போது வருகிற சோர்வு, 60 மணி நேரம் என்று நினைத்தால் வராது. ஒரு மொழியில் 60 மணி நேரம் என்பது வாசல் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி, இன்னும் வீட்டுக்குள்ளேயே போகவில்லை.

அடுத்தது அந்த 60 மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது. டுயோலிங்கோ, ஹலோசைனீஸ் மாதிரியான பாட ஆப்கள் பெரும்பாலும் ஒரே வகையில் கேட்கின்றன: ஒரு ஒலி வரும், கீழே நாலு விடை இருக்கும், சரியானதைத் தொட வேண்டும். தேநீர் என்ற சொல் ஒலிக்கும், கீழே தேநீர், நாய், பேருந்து, ஆசிரியர். மற்ற மூன்றுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, முதல் ஒலியை மட்டும் கேட்டே சரியாகத் தொட்டுவிடலாம், தொனியைக் கவனிக்க வேண்டிய தேவையே வராது (தொனி என்பது ஒரு சொல்லைச் சொல்லும்போது குரல் ஏறுவதும் இறங்குவதும்; அது மாறினால் சீன மொழியில் பொருளே மாறிவிடும்). தினமும் மதிப்பெண் வரும், காது மட்டும் பழகாது. அந்த ஆப்கள் வீண் என்று சொல்லவில்லை, முதல் இரண்டு மாதம் வாக்கிய அமைப்பு பழக நல்ல துணை. ஆனால் பார்த்து அடையாளம் காண்பதும், ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து சொல்லை எடுத்துப் பேசுவதும் வேறு வேறு பயிற்சி. உங்கள் ஆப் முதலாவதை மட்டும் கொடுத்திருக்கிறது.

தொனி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஃபோஷானில்தான் நான் புரிந்துகொண்டேன். சீன மொழியில் நாலு என்பதை 'ஸு' என்று சொல்வார்கள், குரல் மேலிருந்து கீழே விழும். பத்து என்பது 'ஷு', குரல் கீழிருந்து ஏறும். பதினாலு 'ஷு-ஸு', நாற்பது 'ஸு-ஷு'. ஆப்பில் பெய்ஜிங் உச்சரிப்பில் கேட்கும்போது ஸ, ஷ வித்தியாசத்தை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். தெற்கே பலர் ஷகரத்தைச் சொல்வதில்லை, இரண்டையும் ஸகரமாகவே சொல்கிறார்கள். முதல் மாதம் ஒரு டைல்ஸ் கடையில் விலை கேட்டேன், அந்த அம்மா 'ஸு-ஸு' என்றார். பதினாலா நாற்பதா? மறுபடி கேட்டேன், மறுபடி அதே 'ஸு-ஸு'. என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்கே வைத்துக் காட்டினார், அது அங்கே பத்துக்கான சைகை, அப்புறம் நாலு விரலை நீட்டினார். பதினாலு. அவர் சொன்னதில் ஏறும் தொனி முதலில், விழும் தொனி பிறகு என்று தெளிவாகவே இருந்திருக்கிறது, அதைப் பிடிக்கும் காது என்னிடம் இல்லை. உங்கள் பொறியாளர்கள் எந்த மாகாணத்துக்காரர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தெற்கத்தியர்கள் என்றால் ஆப்பில் கேட்ட குரலுக்கும் அவர்கள் பேச்சுக்கும் இப்படித்தான் இடைவெளி இருக்கும்.

நாலு தொனியையும் நமக்குத் தெரிந்த குரல்களில் பிடித்துக்கொள்ளலாம். முதல் தொனி, சுருதிப் பெட்டியோடு மேல் ஸ்வரத்தில் அசையாமல் நிற்பது. இரண்டாவது, சரியாகக் காதில் விழாதபோது "ஆங்?" என்போமே, அது. மூன்றாவது, விருப்பமில்லாமல் "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் இழுப்பது. நாலாவது, சின்னப் பையனை "டேய்!" என்று அதட்டுவது. இவை போக அழுத்தமில்லாமல் லேசாக வந்து போகும் ஐந்தாவது ஒன்றும் உண்டு. இதில் ஆப்களில் அதிகம் தப்பாகப் பதிவது மூன்றாம் தொனி. படத்தில் அதைப் பள்ளம் மாதிரி, இறங்கி ஏறுவதாகப் போட்டிருப்பார்கள், தனியாகச் சொன்னால் அப்படித்தான் வரும். ஓடும் பேச்சில் பெரும்பாலும் கீழே இறங்கி அங்கேயே கிடக்கும், ஏறாது. இரண்டு மூன்றாம் தொனி அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறிவிடும். எல்லோரும் முதல் பாடத்தில் படிக்கும் 'நீ ஹாவ்' அப்படித்தான், எழுத்தில் இரண்டும் மூன்றாம் தொனிக் குறியோடு இருக்கும், வாயில் முதல் சொல் ஏறும் தொனியில் வரும். குறியை நம்பி இரண்டையும் பள்ளத்தில் இறக்கி ஏற்றினால் கேட்பவருக்குச் சங்கடமாக இருக்கும்.

தமிழ் பேசுபவர்களுக்கு உள்ள ஒரு வசதியை ஆங்கிலம் வழியாகப் படிக்கும் எந்த ஆப்பும் சொல்லித் தராது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர், 1958 முதல் சீனாவில் அதிகாரபூர்வமானது. அதில் பி (b), டி (d), ஜி (g) என்று வரும் எழுத்துகள் ஆங்கில ஒலிகள் இல்லை. 'பல்' என்பதில் வரும் ப, 'தலை'யில் வரும் த, 'கல்'லில் வரும் க, ஏறத்தாழ அவைதான், மூச்சுக்காற்று இல்லாத வல்லினம். நாம் பிறந்ததிலிருந்து சொல்வது. அதே ஒலியை மூச்சை வெளியே தள்ளிச் சொன்னால் பின்யினில் வேறு எழுத்து. உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், காகிதம் ஆட வேண்டும். மனிதன் என்ற சொல்லின் முதல் ஒலியை ஆங்கிலேயர்கள் ரகரமாகச் சொல்லித் திணறுவார்கள், அது நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது, 'ழென்' என்று சொன்னால் முக்கால்வாசி சரி. மேலே 'ஸு' என்று எழுதினேனே, அதன் உகரம் 'சுவர்' என்பதில் வருவது இல்லை, 'காசு' என்பதன் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம். பின்யினில் அதை ஐ (i) என்ற எழுத்தால் எழுதுவதால் ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் 'ஸீ' என்று வாசித்துவிடுகிறார்கள். ஆகவே ஒலிகளைக் கற்கும் முதல் 2 வாரம் ஆப்பின் ரோமன் எழுத்தைப் பார்க்காமல், காதால் கேட்டு, தமிழில் எது அருகில் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, கருவிகளுக்கு வருவோம். போனில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று என்றால் அகராதிதான், அதில் பிளெகோ. அடிப்படை இலவசம், கூடுதல் வசதிகளுக்குத்தான் பணம். இணையம் இல்லாமலே வேலை செய்யும். சீனாவுக்குப் போனால் அதன் அருமை தெரியும், அங்கே கூகுள் சேவைகள் முடக்கப்பட்டிருக்கின்றன. விரலால் எழுத்தை வரைந்து தேடலாம். ஒரு எழுத்தைத் தொட்டால் அது எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்று பிரித்துக் காட்டும், அந்தப் பகுதியைப் பலர் பார்ப்பதே இல்லை, அங்கேதான் பொக்கிஷம் இருக்கிறது. 'ச்சிங்' என்று ஒலிக்கும் ஒரு துண்டு இருக்கிறது, நீலமும் பச்சையும் கலந்த நிறத்தைக் குறிப்பது. அதன் இடப்பக்கம் நீர்த் துளிகளைப் போட்டால் தெளிவு, சூரியனைப் போட்டால் வெயிலடிக்கும் நல்ல வானிலை, நெஞ்சைப் போட்டால் உணர்ச்சி, பேச்சைப் போட்டால் 'தயவுசெய்து'. நாலும் 'ச்சிங்'தான், மாறினால் தொனி மட்டும்தான் மாறும். சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஒரு பக்கம் பொருள், ஒரு பக்கம் ஒலி என்று அமைந்தவை. மலை மாதிரி இருப்பதால் மலை, மரம் மாதிரி இருப்பதால் மரம் என்று படம் காட்டிச் சொல்லித் தரும் ஆப்கள் முதல் ஐம்பது அறுபது எழுத்துக்கு இனிக்கும், அதற்கு மேல் அந்த வழி போகாது.

படித்ததை மறக்காமல் வைக்க ஆன்கி, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் உள்ள அட்டைகளைக் காட்டும் ஆப். 2006இல் டேமியன் எல்ம்ஸ் என்பவர் உருவாக்கியது, ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். மறக்கப் போகும் நேரத்தில் ஒன்றைத் திரும்பக் காட்டினால் ஒவ்வொரு தடவையும் கூடுதல் நாள் நினைவில் நிற்கும் என்பதே அதன் அடிப்படை. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் சுமார் 25 டாலர், அதே பெயரை ஒட்டிய வேறு ஆப்களும் உலவுகின்றன, பார்த்து இறக்குங்கள். ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்பது அது தானாக வைக்கும் அளவு, வேலைக்குப் போகிறவருக்கு அது அதிகம். ஒரு மாதத்தில் தினம் 150, 200 அட்டை என்று குவிந்து, ஒரு நாள் விட்டுப்போய், அப்புறம் திறக்கவே பயமாகிவிடும், என் மாணவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் நின்றார்கள். 7 போதும். அதைவிட முக்கியம், அட்டையின் முன்பக்கம் எழுத்தை வைக்காதீர்கள், ஒலியை வையுங்கள், அதுவும் தனிச் சொல்லாக இல்லாமல் சின்ன வாக்கியமாக. கேட்டுப் புரிந்தால்தான் திருப்ப வேண்டும். உங்கள் குறைக்கு நேரடி மருந்து இது ஒன்றுதான் என்று துணிந்து சொல்வேன்.

பேச்சைச் சோதிக்கப் பலர் போன் விசைப்பலகையில் சீன மொழியில் குரல் தட்டச்சு செய்து பார்க்கிறார்கள், எழுத்து சரியாக வந்தால் உச்சரிப்பு சரி என்று முடிவு செய்கிறார்கள். பாதிதான் சரி. அந்த மென்பொருள் சுற்றியுள்ள சொற்களை வைத்து ஊகித்துவிடும், நீங்கள் தொனியைத் தவறவிட்டாலும் திருத்தி எழுதிவிடும், மனிதர் அப்படி ஊகிக்க நேரம் எடுப்பார், அதுதான் நீங்கள் பார்த்த அந்த விழிப்பு. 'மாய்' மூன்றாம் தொனியில் வாங்குவது, நாலாம் தொனியில் விற்பது. எழுத்திலும் வாங்குவதன் தலையில் ஒரு சிலுவைக் குறி சேர்த்தால் விற்பது. வியாபாரத்தில் இது மாறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதற்கு நான் பயன்படுத்துவது ப்ராட் என்ற மென்பொருள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது, ஒலியியல் ஆய்வாளர்களுக்கானது, இலவசம், கணினியில் ஓடும். ஒலியைப் பதிவு செய்தால் குரலின் ஏற்ற இறக்கத்தை ஒரு நீலக் கோடாக வரைந்து காட்டும். போன வருடம் ஒரு மாணவி 'வாங்க வேண்டும்' என்பதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏதோ இடித்தது, அவருக்கோ தான் சொல்வது சரி என்றே பட்டது. சீனக் குரல் ஒன்றை மேலேயும் அவர் குரலைக் கீழேயும் வைத்துப் பார்த்தோம். மேலே கோடு இறங்கி அடியிலேயே படுத்திருந்தது, கீழே அவருடையது இறங்கிவிட்டு விர்ரென்று ஏறியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, மறுபடி பதிவு செய்தார், மறுபடி, ஏழெட்டுத் தடவை, கோடு படுக்கும் வரை. அன்றைக்குப் பிறகு அந்தப் பிழை வரவில்லை. ஆண் குரலையும் பெண் குரலையும் ஒப்பிடும்போது கோட்டின் உயரத்தைப் பார்க்காதீர்கள், வடிவத்தை மட்டும் பாருங்கள்.

வாசிக்க டு சைனீஸ் மாதிரி நிலை பிரித்த கதைகள் உள்ள ஆப் ஒன்று போதும், எழுத்தைத் தொட்டால் பொருள் வரும். இதில் ஒரு எச்சரிக்கை. சீன மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, எங்கே சொல் முடிகிறது என்பதை மென்பொருள் ஊகித்துப் பிரிக்கிறது. 'வளரும் நாடு' என்பதை ஐந்து எழுத்தில் எழுதுவார்கள், அதில் மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்தால் 'சீனா' என்ற சொல் ஆகிவிடும். எழுத்தைத் தொட்டவுடன் 'சீனா' என்று வந்து நின்றால் வாக்கியம் முழுக்கக் குழம்பும். அதே போல ஒரே எழுத்து இரண்டு விதமாக ஒலிப்பதும் உண்டு, 'வங்கி' என்பதில் 'ஹாங்' என்று ஒலிக்கும் எழுத்து, 'முடியாது' என்பதில் 'ஷிங்'. இயந்திரக் குரல் சில நேரம் மாற்றிப் படித்துவிடும். இயந்திரக் குரலைவிட மனிதர் பதிவு செய்த ஒலி உள்ள ஆப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். இப்போது எல்லோரும் கேட்கும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் ஆப்கள், ஒரு வாக்கியத்தை உடைத்து விளக்கவும் உங்கள் நிலைக்கு ஏற்ற எடுத்துக்காட்டு தரவும் நன்றாகவே உதவுகின்றன. எழுத்து எப்படிப் பிறந்தது என்று கேட்டால் மட்டும் உறுதியான குரலில் இல்லாத கதையையும் சொல்லும், அதை அகராதியில் பார்க்காமல் நம்பாதீர்கள்.

கையால் எழுத வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் முடிவு, முதல் 300 எழுத்தைக் கட்டம் போட்ட தாளில் கோட்டு வரிசை பிசகாமல் எழுதுங்கள், அதற்கு மேல் தட்டச்சு போதும். அந்த 300 இருந்தால்தான் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் தெரியாத எழுத்தைப் பிளெகோவில் விரலால் வரைந்து தேட முடியும். தட்டச்சில் ஒரு குழி இருக்கிறது: பின்யின் விசைப்பலகை தொனியைக் கேட்பதே இல்லை. 'மாய்' என்று அடித்தால் வாங்கு, விற்பு இரண்டும் வரிசையில் வரும், கண்ணால் பார்த்துத் தேர்ந்துவிடுவீர்கள், வருடக்கணக்கில் வேகமாக அடித்தும் தொனி மனத்தில் பதியாமல் போகும். நானே இரண்டு வருடம் அப்படி இருந்தேன்.

தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வு இருக்கிறது. ஆப்பில் '1ஆம் நிலை' என்று போட்டிருந்தால் எந்தப் பட்டியல் என்று பாருங்கள். 2010 முறையில் முதல் நிலைக்கு 150 சொல், 6ஆம் நிலைக்கு 5,000. 2021இல் வந்த 9 நிலைத் தரத்தில் முதல் நிலைக்கே 500 சொல். பணம் கட்டும் முன் தேர்வு நடத்துபவர்கள் தரும் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்போதைய ஆப்பை நிறுத்த மாட்டேன், 5 நிமிடமாகக் குறைப்பேன். 15 நிமிடம் ஒலி அட்டைகள், 15 நிமிடம் கதை ஒன்றைக் கேட்டுக்கொண்டே வாசிப்பது, வாரம் ஒரு மணி நேரம் மனிதரோடு பேசுவது. இணையம் வழியாக ஆசிரியர் வைத்தாலும் சரி, ஹலோடாக் மாதிரி பேச்சுத் துணை தேடும் ஆப்பிலும் சரி. ஆனால் நீங்கள் வெளியே தேட வேண்டியதில்லை, பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். நாளை சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பொறியாளர்களில் ஒருவரிடம் போனைக் கொடுத்து, 4, 10, 14, 40, 44 இந்த ஐந்தையும், கூடவே தினமும் இயந்திரத்தின் முன்னால் அவர் சொல்லும் ஐந்து வாக்கியங்களையும், அவர் ஊர்ப் பேச்சில், அவர் வேகத்திலேயே சொல்லிப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள், எனக்கு இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. உங்கள் முதல் பத்து அட்டைகளின் முன்பக்கத்தில் அந்தக் குரலையே வையுங்கள்.